கசக்காத காயிதம்

நீங்க எங்கீங்க எறங்கோணும்? கெணத்துக்கடவா? அப்பச் செரி. பொள்ளாச்சின்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் வாயத் தொறந்திருக்க மாட்டனுங்க. பொள்ளாச்சியில உங்களுக்கு ஒறம்பரை, சொந்தம்னு யாராச்சும் இருக்கறாங்களா? மகாலிங்கபுரத்துப் பக்கம்? இல்லீல்ல? தையக்காரம்மா சுகந்தின்னு யாரும் சொல்லிக் கேட்டதில்லீல்ல? அதுதானுங்க நானு. கேட்டதில்லைன்னா நல்லதாப் போச்சு.

மெதுவாவே பேசிக்கறேன். முன்னால பாருங்க, சன்னலோரமா ரெட்டைச் சடை தெரியுதா? அது என்ற புள்ள, மதுவந்தி. பக்கத்துல தலைய ஆட்டி ஆட்டித் தூங்கறது எங்க ஊட்டுக்காரரு. தேங்காநார் மில்லுல சூப்பரைசரு. பஸ்ஸுல ஏறி உக்காந்தாப் போதும், அந்த மனுசனுக்குத் தூக்கம் வந்துரும். மூணு பேருக்கும் ஒட்டுக்கா எடம் கெடைக்கல, அதனால நான் இங்க வந்து உங்க பக்கத்துல உக்காந்தேன். அதுவும் நல்லதுக்குத்தான். இத யாருகிட்டயாச்சும் சொல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சுப் போயிருமுங்க. இந்தக் கையத் தொட்டுப் பாருங்க. சில்லுன்னு இருக்குதுல்ல? மத்தியானத்துல இருந்து இப்படித்தான் கெடக்குது.

கோயமுத்தூருல அறிவியல் மையத்துக்குப் போயிட்டு வர்றமுங்க. 'குடும்பத்தோடு ஒரு நாள்'னு பள்ளிக்கோடத்துல சொல்லி உட்டாங்க. ஆத்தா, அப்பன், புள்ளைங்க எல்லாரும் வரோணும். உள்ள இருக்கறது எல்லாத்தையும் தொட்டுப் பாக்கலாம், திருகிப் பாக்கலாம், ஏறி உக்காரலாம், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. எங்கூட்டுல என்ற கத்திரிய அவ தொட்டாலே நான் கத்துவேன். இங்க வாசல்லயே எழுதி வெச்சிருக்கறாங்க, 'தயவுசெய்து தொடவும்'னு.

இதுல பயப்பட என்ன இருக்குதுன்னுதான பாக்கறீங்க?

அவள நான் பெக்கலீங்க.

பாருங்க, சொல்லிட்டேன். பொள்ளாச்சிக்கு வந்த பொறவு இந்த வார்த்தை என்ற வாயில இருந்து வந்ததே இல்ல. எங்க ஊட்டுக்காரருகிட்ட தனியாப் பேசும்போதுகூட வந்ததில்ல. திருட்டுத்தனமா ஒண்ணும் இல்லீங்க, அரசாங்கத்துல பதிஞ்சு வெச்சு, வருசக்கணக்காக் காத்துக் கெடந்து, மொறைப்படி வாங்கிட்டு வந்த புள்ள. கைக்கொழந்தை. என்ற கையில குடுக்கும்போதே அந்த ஆபீசு மேடம் சொன்னாங்க, "வெவரம் தெரியறதுக்கு முந்தியே கதையாட்டம் சொல்லிப் பழக்கிருங்கம்மா, அடுத்தவங்க வாயில இருந்து தெரியக்கூடாது"ன்னு. நல்லாத் தலைய ஆட்டிட்டு வந்தனுங்க. நடக்கட்டும், சொல்லிக்கலாம். பேசட்டும், சொல்லிக்கலாம். பள்ளிக்கோடம் சேரட்டும், சொல்லிக்கலாம். இப்ப ஆறாவது படிக்கறா.

எப்படிங்க சொல்றது? நீங்களே சொல்லுங்க. காலையில தலை சீவி உடும்போது சொல்றதா? சோறு போடும்போது சொல்றதா? சொன்னதுக்கு அப்பறம் அவ என்னைய அம்மான்னு கூப்புடறதுக்கு முன்னால ஒரு நொடி ரோசனை பண்ணுனாள்னா? அந்த ஒரு நொடிக்குத்தானுங்க நான் பயப்படறேன். வேற எதுக்கும் நான் பயப்படறவ இல்ல. பாம்பையே செருப்புல அடிச்சவ.

எங்கண்ணன் இருக்கறானே, உடுமலையில, அவந்தான் எல்லாத்தையும் கெடுத்தான். காது குத்தறதுக்குத் தாய்மாமன் மடி வேணுமில்லீங்களா? நாள் குறிச்சு, பந்தல் போட்டு, அவனப் போயி கூப்புட்டா, "எந்த ஊரு ரத்தமோ, அத எதுக்கு நான் மடியில வெக்கோணும்?"னு கேட்டான். கூடப் பொறந்தவன். பந்தலப் பிரிச்சுப்போட்டு, எங்க ஊட்டுக்காரரு மடியிலயே உக்கார வெச்சு, ஆசாரிய ஊட்டுக்கே வரச் சொல்லிக் குத்துனோம். ஒரு போட்டோகூட எடுக்கல. அந்த மாசமே ஊரக் காலி பண்ணிட்டு பொள்ளாச்சிக்கு வந்துட்டோம். அவன் மூஞ்சியில அதுக்கப்பறம் நான் முழிக்கல.

போன வருசம் பக்கத்தூட்டுக் கொழந்தைக்குக் காது குத்துனாங்க. மாமன் மடி, மாமன் சீரு, அமர்க்களம். ஊட்டுக்கு வந்ததும் மது கேட்டா, "அம்மா, எனக்கு யாரு மடியில வெச்சுக் குத்துனீங்க? மாமா ஏன் வர்றதே இல்ல?"

மாமா வெளிநாட்டுல இருக்கறாருன்னு சொல்லிப்போட்டேன். உடுமலையில ஆணி, பெயிண்ட் டப்பா வித்துக்கிட்டு இருக்கறவன வெளிநாட்டுக்கு அனுப்பிட்டேன். அவ என்ற மூஞ்சிய சித்தே பாத்தா. அப்பறம் "செரிம்மா"ன்னு சொல்லிட்டு வெளையாடப் போயிட்டா. கொழந்தைங்கதான, மறந்துருவாங்க. முந்தியெல்லாம் அது என்ன, இது ஏன்னு உசுர வாங்குவா. அன்னையில இருந்து அந்தக் கேள்வி கேக்கற பழக்கமே கொறைஞ்சு போச்சுங்க. வளர்றாளில்ல, பொறுப்பு வந்திருச்சு.

ஆனா இன்னும் ஒண்ணு ரெண்டு வருசத்துல பெரிய மனுசி ஆயிருவா. அப்ப சீருக்கு மாமன் எங்கன்னு ஊரே கேக்குமே? அந்த ரோசனையில ராத்திரி மெஷின மிதிச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன். தைக்கறதுக்குத் துணி இருக்காது, சும்மா மிதிப்பேன். ஏனுங்க, குறுக்க கேக்கறேன்னு நெனைக்காதீங்க, உங்க ஜாக்கெட்டு எடது தோளு எறங்குது. யாரு தெச்சாங்க? அவங்ககிட்டத் திருப்பிக் குடுங்க. செரி, உடுங்க.

எங்க உட்டேன்? ஆமா. உள்ள போனதும் ஒரு கண்ணாடி உருண்டை. அதுக்குள்ள ஊதாக் கலர்ல மின்னல் நெளியுது. வெரல வெச்சா மின்னல் அந்த வெரலத் தேடிக்கிட்டு வருது. கரெண்டுதான்னு எனக்குப் பயம், ஆனா அது சாதாரணப் பயம். அடுத்தாப்புல ஒரு எவர்சில்வர் குண்டு. தொட்டா தலைமுடி எந்திரிச்சு நிக்குது. எங்க ஊட்டுக்காரரு தொட்டாரு. இருக்கறதே நாலு முடி, அது நாலும் நட்டுக்கிட்டு நின்னுச்சு. மது சிரிச்சுச் சிரிச்சுத் தரையில உக்காந்துட்டா. அது வரைக்கும் நான் நல்லாத்தான் இருந்தேன்.

அப்பறம் பாருங்க, ஒரு மூலையில ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் உக்காரோணும். நடுவுல ஒரு குமிழு. அதத் திருகுனா ஒரு பக்கம் வெளிச்சம் கொறையுது, ஒரு பக்கம் ஏறுது. உங்க மூஞ்சி மேல எதுத்தாப்புல இருக்கறவங்க மூஞ்சி வந்து உக்காந்துக்குது. பாதி நீங்க, பாதி அவங்க. ஒரு ஆத்தாளும் மகனும் உக்காந்திருந்தாங்க. மகன் மூஞ்சியில ஆத்தா கண்ணு அப்படியே பொருந்துச்சு, அளவெடுத்துத் தெச்சாப்புல. அவங்கூட்டுக்காரரு கை தட்டி, "அச்சு அசல் ஆத்தாதாண்டா நீ"ங்கறாரு.

நான் எங்க புள்ளையத் திரும்பிப் பாத்தனுங்க. மது மூஞ்சி நீளம். என்றது பாருங்க, தோசைக்கல்லாட்ட. அவளுக்கு மூக்கு எடுப்பு, எனக்குச் சப்பை. அந்தக் குமிழத் திருகுனா எது எங்க போயி உக்காரும்? எங்க ஊட்டுக்காரரு வெவரம் இல்லாம, "போங்க, நீயும் உங்கம்மாளும் போயி உக்காருங்க"ங்கறாரு. அந்த மனுசனுக்கு மறந்தே போச்சுங்க. நெசமாத்தான் சொல்றேன். அவருக்கு அவ பொறந்த புள்ளையேதான். சில சமயம் எனக்கு அவரு மேல பொறாமையா இருக்கும்.

அந்த ஆத்தாளும் மகனும் எந்திரிச்சுட்டாங்க. எங்களுக்கு முன்னால ரெண்டே பேருதான் நின்னுட்டிருந்தாங்க. நான் முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு நிக்கறேன். சாமி புண்ணியம், மதுவே சொன்னா, "வேண்டாம்ப்பா, அங்க நெம்பக் கூட்டமா இருக்குது, வாங்க அக்கட்டால போலாம்"னு. என்ற கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டா. அவ கையும் ஈரமாத்தான் இருந்துச்சு. உள்ள புழுக்கமுங்க, அத்தனை பேரு.

அடுத்த மேசையில கைரேகை. மை தொட்டு வெரல வெச்சு, அப்பனுது ஆத்தாளுது புள்ளையுது மூணையும் பக்கத்துல வெச்சு லென்ஸுல பாக்கறது. அதுக்கும் அவளே, "மை ஒட்டிக்கும், வேண்டாம்"னுட்டா. பள்ளிக்கோடத்துல பெயிண்ட்ட முழங்கை வரைக்கும் பூசிட்டு வர்றவ. பாருங்க, மனசு வெச்சு நேந்துக்கிட்டா தெய்வம் எந்த ரூபத்துலயாச்சும் வரும். நான் ஆனைமலை மாசாணியம்மனுக்கு உள்ளுக்குள்ளயே நேந்துக்கிட்டுத்தான் நடந்தேன்.

ஆனா தப்பிச்சு வர முடியலீங்க. வெளிய போற வழியில, 'நம் குடும்பம், நம் அடையாளம்'னு பெருசா எழுதி ஒரு நீள மேசை. அத முடிச்சாத்தான் குடும்பத்தோட நிக்க வெச்சு போட்டோ எடுத்துக் குடுப்பாங்களாம். போட்டோன்னதும் எங்க ஊட்டுக்காரரு போயி நின்னுட்டாரு. கழுத்துல பட்டை மாட்டுன ஒரு காலேஜ் புள்ள, சிரிச்ச மூஞ்சி, "வாங்கம்மா, வாங்க"ன்னு நாற்காலிய இழுத்துப் போடுது. நாக்க மடக்கிக் கொழாயாட்டம் பண்ணச் சொல்லுது. காது மடலு ஒட்டி இருக்குதா, தொங்குதான்னு பாக்குது. நான் வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேக்குமே? அந்தப் பயத்துல உக்காந்தேன்.

காதுன்னதும் நான் முந்தானைய எடுத்துத் தலையோட போத்திக்கிட்டேன், ஏ.சி. குளிருதுன்னு. மதுவும் ரெண்டு சடையையும் முன்னால இழுத்துக் காத மறைச்சுக்கிட்டா. அவளுக்கும் குளிரு போல. அந்தக் காலேஜ் புள்ள சிரிச்சுக்கிட்டு, "இதெல்லாம் சும்மா வெளையாட்டுங்கம்மா, இத வெச்சு யாரு யாருக்குப் பொறந்தாங்கன்னெல்லாம் சொல்ல முடியாது"ன்னு சொல்லுச்சு. சொன்னா ஆச்சா? அப்ப எதுக்கு அந்தப் பேச்ச எடுக்கோணும்? தெரிஞ்சுதான் சொல்லுதோன்னு அது மூஞ்சியவே பாத்தேன்.

அப்பறம் ஒரு டப்பாவுல இருந்து துண்டு துண்டாக் காயிதம் எடுத்துச்சு. நாக்குல வெச்சா சில பேருக்குக் கசக்குமாம், சில பேருக்கு ஒண்ணுமே தெரியாதாம். பரம்பரையா வர்றதாம். ஆளுக்கொண்ணு குடுத்துச்சு. "எல்லாரும் ஒட்டுக்கா வையுங்க, வெச்சதும் மூஞ்சியப் பாப்போம்"னுச்சு.

வெச்சனுங்க. என்ற நாக்குக்கு ஒண்ணுமே தெரியல. ஒண்ணுமே. அப்படியே உள்ளுக்குள்ள இடிஞ்சு போச்சு. இவளுக்குக் கசந்து எனக்குக் கசக்காட்டி? எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. நான் மது மூஞ்சியையே பாக்கறேன். அவ என்ற மூஞ்சியவே பாக்கறா. கண்ணக்கூட சிமிட்டல. அவ புருவம் லேசா ஆடுச்சு பாருங்க, கசக்குது போலன்னு நெனச்சு நான் மூஞ்சியச் சுளிச்சேன். அதே நேரத்துக்கு அவளும் சுளிச்சா. "ஐயோ, கசப்பு!"ன்னு ரெண்டு பேரும் ஒரே குரல்ல கத்துனோம். நான் துப்பறேன், அவளும் துப்பறா. நான் தண்ணி கேக்கறேன், அவளும் கேக்கறா. எங்க ஊட்டுக்காரரு மட்டும் சவைச்சுக்கிட்டே, "ஒண்ணும் தெரியலையே, வெறும் காயிதமாட்ட இருக்குது"ங்கறாரு. மேசைக்கு அடியில அவரு கால மிதிச்சேன்.

அந்தக் காலேஜ் புள்ள விழுந்து விழுந்து சிரிக்குது. "அம்மா, இது வெறும் காயிதந்தாங்க. மொதல்ல இத வெச்சுப் பாத்துட்டுத்தான் மருந்து தடவுன காயிதத்தக் குடுப்போம். நான் இன்னும் அதக் குடுக்கவே இல்ல"ங்குது.

சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. எனக்கு மானம் போச்சு, ஆனா உசுரு நின்னுச்சு. மது சிரிக்கல. குனிஞ்சு அந்தக் காயிதத்தையே மடிச்சு மடிச்சு வெச்சுக்கிட்டிருந்தா. நான் பண்ணுனதப் பாத்துட்டு அவளும் பண்ணியிருக்கறா, கொரங்குக்குட்டி. நான் உக்காந்தா உக்காருவா, நின்னா நிப்பா, அப்படித்தான் சின்ன வயசுல இருந்தே. அடுத்தாப்புல மருந்துக் காயிதத்த நீட்டுனப்ப, "எனக்கு வேண்டாங்க்கா, எங்கம்மாளுக்கும் வேண்டாம், எங்களுக்கு வாயெல்லாம் கசக்குது"ன்னா. வெறும் காயிதம்னு சொன்னதுக்கு அப்பறமும் கசக்குதுங்கறா பாருங்க. கொழந்தை மனசு.

போட்டோ எடுத்தாங்க. அதுல நான் பேயறைஞ்சாப்புல நிக்கறேன்.

வெளிய தோட்டத்துல ரெண்டு பெரிய கிண்ணம் நிக்குது, ஆள் ஒசரத்துக்கு, அந்தக் கடைசியில ஒண்ணு, இந்தக் கடைசியில ஒண்ணு. கிண்ணத்தப் பாத்துக்கிட்டு இங்க குசுகுசுன்னு பேசுனா, அங்க காதுக்குள்ள வந்து பேசறாப்புல கேக்குமாம். மது என்னைய ஒண்ணுல உக்கார வெச்சுட்டு அந்தக் கடைசிக்கு ஓடிட்டா. முதுகும் முதுகுமா உக்காந்திருக்கறோம், மூஞ்சி தெரியாது. நடுவுல அத்தனை சனம் நடக்குது, புள்ளைங்க கத்துது. வெகு நேரம் ஒண்ணுமே வரல. அப்பறம் என்ற காதுக்குள்ள, சின்ன மூச்சு. பொறவு அவ குரலு.

"அம்மா, பயப்படாதம்மா. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சுங்க. அப்பறந்தான் வெளங்குச்சு. வாசல்ல வெளையாட்டுச் சாமான் கடை ஒண்ணு இருக்குது. காந்தம், பம்பரம், அது இதுன்னு. உள்ள போகும்போதே அவங்கப்பா கண்டிச்சுச் சொல்லிட்டாரு, கடையில எதையும் கேக்கக்கூடாதுன்னு. முந்தி ஒருக்கா பொருட்காட்சியில அவ தரையில உழுந்து பொரண்டு அழுதது எங்களுக்கெல்லாம் ஒரு கதை. அதுக்குத்தான் நான் மத்தியானத்துல இருந்து மொகம் வாடி நிக்கறேன்னு நெனச்சுட்டா. கேக்காத புள்ளைக்கு வாங்கிக் குடுக்காம இருக்க மனசு வருமா? அந்தக் கொழாயத்தான் வாங்கிக் குடுத்தேன், கண்ணுல வெச்சுத் திருப்புனா கலர் கலராப் பூ தெரியுமே, அது. பாருங்க, அத வெச்சுக்கிட்டு நம்மளத்தான் திரும்பிப் பாத்துக்கிட்டிருக்கறா.

அவ்வளவுதானுங்க. பயந்து பயந்து செத்தேன், ஆனா நல்லபடியா முடிஞ்சுது. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. இனி அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்கமாட்டேன்.

ஏனுங்க? ஏன் கண்ணத் தொடைக்கறீங்க? தூசி உழுந்துருச்சா? சன்னலச் சாத்தட்டுமா?

என்னங்க? பஸ்ஸு சத்தத்துல கேக்கல, கிட்ட வந்து சொல்லுங்க. கடையப் பத்தித்தான் சொன்னாளான்னா? வேற எதைப் பத்திங்க சொல்லுவா? வெறும் காயிதத்துக்கு அவ ஏன் சுளிச்சாள்னா... நான் சுளிச்சேன், அதப் பாத்துட்டு அவ சுளிச்சா. நான் ஏன் சுளிச்சேன்னா, எங்க எனக்கு மட்டும் கசக்காமப் போயிருமோன்னு பயந்து...

இருங்க.

கண்ணாடிகிட்டக் கூட்டமா இருக்குதுன்னு சொன்னா. அங்க ரெண்டே பேருதானுங்க நின்னுட்டிருந்தாங்க.

சடைய இழுத்துக் காத மூடுனாளே. குளிருதுன்னு நாந்தான சொன்னேன், அவ சொல்லவே இல்லீங்களே.

போன வருசம் மாமா வெளிநாட்டுலன்னு சொன்னப்ப, செரிம்மான்னு சொன்னா. எந்த நாடுன்னுகூடக் கேக்கலீங்க. எந்த நாடுன்னு கேக்காத புள்ளையா அவ?

கெணத்துக்கடவு வந்திருச்சுன்னு கண்டக்டரு கத்தறாரு. எறங்காதீங்க. உங்களக் கும்புட்டுக் கேக்கறேன், சித்தே உக்காருங்க. பொள்ளாச்சி வரைக்கும் வாங்க, நானே திரும்பி வர்ற பஸ்ஸுல ஏத்தி உடறேன். அங்க யாருக்கு வேணும்னாலும் தெரிஞ்சுட்டுப் போகட்டும். என்னைய இப்பத் தனியா உட்டுட்டுப் போயிராதீங்க.

கொழாயக் கீழ எறக்கிட்டா. என்ற மூஞ்சியத்தான் பாக்கறா. நான் சிரிச்சா சிரிப்பா, நான் சுளிச்சா சுளிப்பா. எறங்கறதா இருந்தாலும், இப்ப நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவளப் பாக்கறதுன்னு மட்டும் சொல்லிட்டு எறங்குங்க.